மந்திரத்தின் விலை

வலிமை நன்றா தீதா என்னும் வினாவை உலகம் நெடுங்காலமாகக் கேட்டு வருகிறது. அதனினும் நுட்பமான வினா ஒன்று உண்டு. ஒருவர் பெற்ற வலிமைக்கு விலை கொடுப்பவர் யார் என்பதே அது. அறநூலாரும் அரசியலறிஞரும் ஆராயும் இவ்வினா, இளைஞர் நால்வர் கூடி ஆடும் விளையாட்டு மேசையிலும் எழுகின்றது என்றால் வியப்பாகத் தோன்றலாம். எனினும் அது உண்மை.

மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கதைவிளையாட்டுகளுக்கு வழிகோலியது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் ஆக்கிய இவ்விளையாட்டு 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் வீரன், மந்திரவாதி, பூசகன் எனப் பாத்திரம் ஏற்பர். ஐயத்திற்கிடமான செயல்களின் முடிவைப் பகடை கூறும். ஒருவரை ஒருவர் வெல்வது நோக்கமன்று. கூடிச் சென்று இடர்களைக் கடப்பதே நோக்கம். இத்தகைய விளையாட்டுகள் இன்று பல. மந்திரத்திற்கு அவை வகுத்த விதிமுறைகளும் பல. எவ்விதிமுறையை ஏற்பது என்பதை ஆடத் தொடங்குமுன்னரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அம்முடிவு சுவை பற்றியதா, அறம் பற்றியதா?

சுவை பற்றியதே என்பார் உளர். மந்திரமே கற்பனை, கற்பனைக்குக் கடிவாளம் எதற்கு என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு இனிய வாதமே. ஆயினும், எண்ணியவை யாவும் எண்ணியவாறே நிகழுமாயின், எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமற் போகும். ஆற்றைக் கடக்கப் பாலம் தேட வேண்டா. பகைவனோடு பேசிப் பார்க்க வேண்டா. துணைவரை நாடவும் வேண்டா. எல்லையற்ற ஆற்றல் உடையவனுக்கு ஒன்றைக் கொண்டு ஒன்றை விடும் நிலையே நேர்வதில்லை. அந்நிலை நேராத இடத்தில் அறத்திற்கு வேலை ஏது? ஆகவே, எல்லை வேண்டும் என்பதில் ஐயமில்லை. எத்தகைய எல்லை என்பதே ஆராயத்தக்கது.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வகுத்த எல்லை மறதி. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் வான்ஸின் 'தி டையிங் எர்த்' என்னும் 1950ஆம் ஆண்டு நூலிலிருந்து அக்கருத்துப் பெறப்பட்டது. மந்திரவாதி ஏட்டைப் பார்த்து மந்திரத்தை நெஞ்சில் பதித்துக்கொள்வான். ஒருமுறை சொன்னதும் அது நெஞ்சை விட்டு நீங்கிவிடும். ஓய்வெடுத்து மீண்டும் படித்தால்தான் அது கைகூடும். இதனைக் கேட்கும் தமிழ் மாணவனுக்குக் கர்ணன் நினைவுக்கு வருதல் இயல்பு. பரசுராமரிடம் பொய் கூறிக் கற்ற படைக்கலத்தின் மந்திரம், உற்ற வேளையில் அவனுக்கு மறந்துபோயிற்று. எனினும், இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. கர்ணனின் மறதி அவன் செய்த செயலின் பயன். மந்திரவாதியின் மறதியோ வெறும் செலவுக்கணக்கு. பொழுது விடிந்தால் செலவழிந்தது மீண்டும் கைக்கு வந்துவிடும்.

மற்றோர் எல்லையும் அவ்விளையாட்டில் இருந்தது. 1978ஆம் ஆண்டின் விதிநூலில், வீரனின் உயிராற்றலைப் பத்து முகப் பகடை அளந்தது. மந்திரவாதிக்கோ நான்கு முகப் பகடைதான். தொடக்க நிலையில் அவனுக்கு நாளொன்றுக்கு ஒரே மந்திரம். ஆனால், படிகள் பல ஏறிய பின்னர் அவன் முன் வீரனின் வாள் ஒளி மங்கிவிடும். தொடக்கத்தில் துன்புற்றவன் பின்னர் ஓங்குவது முறையே என்று இதற்கு அமைதி கூறுவர். இவ்வமைதியை மேசைக்கு வெளியேயும் கேட்கலாம். 'யான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா?' என்று வினவி, அதனையே பிறரை அடக்குதற்குரிய உரிமைச்சீட்டாக நீட்டுவோர் எத்துணையர்! பட்ட துன்பம் இரக்கத்தைக் கற்பிக்கலாம். பிறரைத் தாழ்த்தும் உரிமையை அது தாராது.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். பூட்டைத் திறக்கும் மந்திரம் 1974ஆம் ஆண்டு நூலிலேயே இருந்தது. பூட்டுத் திறப்பதில் கைதேர்ந்த கள்வன் என்னும் பாத்திரம் 1975ஆம் ஆண்டுத் துணைநூலில்தான் இடம்பெற்றது. கள்வன் கம்பியை நுழைத்து, பகடையை உருட்டி, கைத்திறன் பலிக்குமா என்று காத்திருப்பான். மந்திரவாதி ஒரு சொல் சொல்வான், கதவு திறந்துகொள்ளும். மந்திரவாதி இழந்தது ஒரு மந்திரம். கள்வனாக ஆடிய தோழன் இழந்ததோ, தான் இக்கூட்டத்திற்கு வேண்டியவன் என்னும் நம்பிக்கை. விலையின் பெரும்பகுதியைக் கொடுத்தவன் வலிமையற்றவனே.

இக்குறையைப் போக்க முயன்றோர் உண்டு. 2008ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு, வீரன், மந்திரவாதி, கள்வன் அனைவர்க்கும் ஆற்றல்களை ஒரே அளவுகோலால் பகிர்ந்தது. சமன்மை வந்தது, ஆயின், எல்லாரும் ஒருவரைப் போலவே ஆகிவிட்டனர் என்று ஆடுவோர் பலர் குறைபட்டனர். 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு, பூட்டு மந்திரத்தில் நுட்பமான வழி கண்டது. கதவு திறக்கும், ஆனால், 300 அடித் தொலைவிற்குக் கேட்கும் பேரொலியும் எழும். ஓசைப்படாமல் உள்ளே செல்ல வேண்டின் கள்வனின் விரல்களே துணை. ஒருவனின் வலிமையைப் பறிக்காமலே மற்றவனுக்கு இடம் கிடைத்தது.

வேறு வழிகளும் உள. 1978இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' மந்திரத்தை ஒரு சிலர்க்கே உரியதாக்காமல் எல்லார்க்கும் பொதுவாக்கியது. தெய்வத்தின் பெருமந்திரத்தை வேண்டுவோன் தன் அகவலிமையில் ஒரு பகுதியையே காணிக்கையாக்க வேண்டும். 1981இல் வந்த 'கால் ஆஃப் கதுல்ஹு' விளையாட்டில் மந்திரம் சொல்வோன் மனத்தெளிவையே இழப்பான். தோழரைக் காக்கத் தன் தெளிவை இழக்கத் துணிவானா என்னும் வினா அங்கே பிறக்கிறது. 1987இல் வந்த 'ஆர்ஸ் மேஜிக்கா' இன்னும் ஒருபடி சென்றது. மந்திரவாதியே அதில் மிக வலியவன். அதனை அது மறைக்கவில்லை. ஆனால், ஒவ்வொருவரும் ஒரு மந்திரவாதியையும் மந்திரமறியாத் துணைவன் ஒருவனையும் படைத்துக்கொள்வர்; ஏவலரைப் பொதுவில் வைப்பர். இன்று மந்திரவாதியாக ஆடியவர் நாளை ஏவலராவார். ஏவலனாக நின்று பார்த்தவனுக்குத் தன் மந்திரவாதியின் சொல் பிறர் செவியில் எவ்வாறு விழும் என்பது தெரியும்.

இவற்றுள் எது சிறந்தது? எல்லா மேசைக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. அச்சக்கதையை விரும்புவோர்க்குப் பொருந்துவது வீரக்கதையை விரும்புவோர்க்குப் பொருந்தாது. ஆனால், தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டிய வினா ஒன்றே. இவ்வாற்றல் பயன்படும்போது இழப்பு யாரைச் சேர்கிறது? ஆள்பவனைச் சேருமாயின் அவன் சிந்திப்பான். அருகிருப்பவனைச் சேருமாயின், ஆள்பவன் அதனை உணர்வதற்கே வழியில்லை. வலியறிதல் என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், துணைவரின் வலிமையையும் சேர்த்தே எடைபோடச் சொன்னது ஈண்டு எண்ணத்தக்கது.

வகுப்பறையிலும் இது நிகழக் காணலாம். ஆசிரியர் வினவியவுடன் விடை கூறிவிடும் மாணவன் ஒருவன் இருப்பான். அவன் விடை சரியானதே. குற்றம் ஏதும் இல்லை. ஆனால், கடைசி வரிசையில், மனத்துள் கம்பியை நுழைத்து மெல்லத் திருப்பிக்கொண்டிருந்த மற்றொருவன் கையை இறக்கிக்கொள்கிறான். கதவு திறந்துவிட்டது என்று வகுப்பு மகிழ்கிறது. அவன் கை இறங்கியதைக் கண்டவரே அங்கு நல்ல ஆசிரியர்.