பரண்மேல் கிடந்த கம்பளி

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி பண்ணினோம். அடியில் ஒரு கம்பளி. எங்கள் கல்யாணத்துக்கு வந்தது, ஒருநாளும் போர்த்தவில்லை. விரித்தால் முழுக்கப் பூச்சி அரித்த ஓட்டை!

"போன மார்கழியில அந்த விதவைச் சகோதரி, போர்வை இல்லைன்னு ஜெபிக்கச் சொன்னாங்களே, ஞாபகம் இருக்குங்களா?" என்றாள் என் மனைவி.

ஜெபித்தேன். கம்பளியோ என் தலைக்கு மேலேயே இருந்தது!

யாத்திராகமம் 16-ஐ வாசியுங்கள். தேவன் தந்த மன்னாவே ஆனாலும், மறுநாளைக்கென்று பதுக்கியது புழுத்துப்போயிற்று. லூக்கா 3:11-ல் இரண்டு அங்கி உள்ளவனுக்குச் சொன்னது எனக்குத்தான் என்று ஆவியானவர் உணர்த்தினார். அன்று சாயங்காலமே பரணிலிருந்த நல்ல போர்வைகளையும் பாத்திரங்களையும் அந்தச் சகோதரியிடம் கொடுத்து, மன்னிப்புக் கேட்டேன்.

பிரியமானவர்களே, யாருடைய ஜெபத்துக்கான பதில் உங்கள் பரணில் கிடக்கிறது? பூச்சிக்கு முந்திக்கொள்ளுங்கள். இன்றைக்கே ஏணி போடுங்கள். ஆமென்.