திரும்பி வருவது தோல்வியா?

வெண்பனியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் திரைப்படத்திலும் மட்டுமே கண்டு பழகியவர்கள் நம்மில் பலர். பனிமலை ஏறுவோரின் கவலை நமக்கு எட்டாத கவலையாகத் தோன்றலாம். ஆயினும் அம்மலைச்சரிவில் அவர்களுக்கு எழுகின்ற கேள்வி, நம் ஒவ்வொருவர் வாழ்விலும் ஏதேனும் ஒரு நாள் எழக்கூடியதே. எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டுத் திரும்புகிறவன் கோழையா, விவேகியா? அவனுடைய உயிர் அவனுடையது. அதைப் பணயம் வைக்க அவனுக்கு உரிமை இல்லையா? அன்பு நேயர்களே, இதனைச் சற்றே சிந்திப்போம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கில், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வாஷிங்டன் மலை என்றொரு மலை உண்டு. உயரம் 6,288 அடி. சபாவிலுள்ள கினபாலு மலையின் உயரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் 1934 ஏப்ரல் 12-ஆம் தேதி அதன் உச்சியில் காற்று மணிக்கு 231 மைல் வேகத்தில் வீசியதென்று பதிவாயிற்று. 1996 வரை உலகில் அதனை மிஞ்சிய பதிவு வேறில்லை. 1849 தொடங்கி இன்றுவரை அம்மலையிலும் அதனைச் சேர்ந்த மலைத்தொடரிலும் 150 பேருக்கு மேல் உயிரிழந்திருக்கின்றனர்.

கிழக்கு அடிவாரத்திலுள்ள பிங்க்கம் நாட்ச் என்னும் கணவாயிலிருந்து டக்கர்மன் பள்ளத்தாக்கு வழியாக உச்சிக்கு ஒரு பாதை செல்கிறது. தூரம் 4 மைலுக்குச் சற்று அதிகம்; அதற்குள் 4,000 அடிக்கு மேல் ஏறவேண்டும். பள்ளத்தாக்கு ஒரு பெரிய கிண்ணம் போன்றது. மேற்கிலிருந்து வீசும் காற்று, மரமற்ற மலைத்தலையிலுள்ள பனியையெல்லாம் வாரி இக்கிண்ணத்தில் கொட்டிவிடுகிறது. ஆகவே கீழே ஊர்களில் பனி கரைந்து, மரங்கள் துளிர்த்து, ஜனங்கள் கம்பளிச் சட்டையைக் களைந்த பின்னும், மே மாதத்திலும் இங்கே பனி கிடக்கும். அடிவாரத்தில் வசந்தத்தில் புறப்பட்டவன் இரண்டு மூன்று மணி நேரத்தில் குளிர்காலத்துக்குள் நுழைகிறான்.

பனியின் குணத்தை அறிந்தாலன்றி நம் கேள்வியின் கூர்மை விளங்காது. பகல் வெயிலில் அதன் மேற்பரப்பு இளகுகிறது. இரவுக் குளிரில் மீண்டும் இறுகுகிறது. விடியற்காலையில் கண்ணாடி போல் கெட்டியாயிருக்கும். காலணியில் இரும்பு முட்களைப் பூட்டிக்கொண்டு, கையில் பனிக்கோடரியோடு, அவற்றைப் பயன்படுத்தவும் பழகியவன் அப்போது ஏறலாம். மற்றவன் ஒருமுறை சறுக்கினால் நெடுந்தூரம் கீழே போய்த்தான் நிற்பான். முற்பகலில் அதே பனி இளகிக் கால் பதிக்க இடம் கொடுக்கும். பிற்பகலிலோ முழங்கால் வரை உள்வாங்கும். சரிவு கிழக்கு நோக்கியதாதலால் மலையின் நிழல் அங்கே முன்னதாகவே விழும். விழுந்ததும் பனி மறுபடியும் இறுகத் தொடங்கும். காலையில் ஏறிய வழியும் மாலையில் இறங்கும் வழியும் வரைபடத்தில் ஒன்றே. காலுக்கு அவை வெவ்வேறு வழிகள்.

கண்ணுக்குத் தெரியாத மாறுதலும் உண்டு. கரைந்த நீர் பனியின் அடியில் ஓடையாகப் பாய்ந்து அதனை உள்ளே குடைந்துவிடும். மேலே உறுதியான வெள்ளைத் தரை. கீழே வெற்றிடமும் உறையவைக்கும் நீரும். செங்குத்துப் பாறைகளில் உறைந்து தொங்கும் பனிக்கட்டிகள் வெயிலேறினால் பெயர்ந்து விழும். ஆகையால் வசந்தத்தில் அப்பாதையின் செங்குத்தான மேற்பகுதியை வனத்துறையினர் சிறிது காலம் மூடிவிடுவதுண்டு.

இத்தகைய இடத்தில்தான் மனிதனின் மனம் அவனை ஏமாற்றுகிறது. பல நாட்களாகத் திட்டமிட்டான், விடுமுறை வாங்கினான், பணம் செலவழித்தான், நண்பர்களிடம் சொல்லிவிட்டு வந்தான். எதிரே பார்த்தால் நேற்று யாரோ போன காலடித் தடம் தெரிகிறது. "அவர்கள் போயிருக்கிறார்களே, நான் ஏன் போகக்கூடாது?" என்கிறான். ஆனால் அந்தத் தடம் நேற்றைய பனியில் பதிந்தது. போனவர்களிடம் என்ன கருவி இருந்தது, எந்நேரத்தில் போனார்கள், அவர்கள் பத்திரமாகத் திரும்பினார்களா என்பதையெல்லாம் அது சொல்வதில்லை. அடிவாரத்தில் செய்த தீர்மானமும் அப்படியே. அங்கே தெரிந்தவற்றைக் கொண்டு அதனைச் செய்தான். இங்கே வேறு செய்தி கண்முன் நிற்கிறது. அதனைக் கண்ட பின்னும் பழைய தீர்மானத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதை மனவுறுதி என்று சொல்லலாமா? பிடிவாதம் என்பதே அதற்குரிய பெயர்.

சிலர் கேட்கலாம்: "சிரமம் கண்டபோதெல்லாம் திரும்பினால் உலகில் எந்தச் சாதனைதான் நிகழும்?" நியாயமான கேள்வி. ஆனால் சிரமம் வேறு, அபாயம் வேறு. மூச்சு வாங்குவதும், கால் வலிப்பதும், குளிர் வாட்டுவதும் சிரமங்கள்; அவற்றைப் பொறுத்துக்கொள்வது வீரம். காலடியிலுள்ள பனி உள்ளே குடைந்திருப்பதும், இறங்கும் நேரத்தில் சரிவு இறுகிவிடும் என்பதும் அபாயங்கள். எவ்வளவு பொறுத்தாலும் அவை குறைவதில்லை. களைத்த மனம் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும். அதனாலேயே அனுபவசாலிகள், "இன்ன மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுவோம்" என்று கீழேயே முடிவு செய்துகொண்டு புறப்படுகிறார்கள்.

"என் உயிர் என்னுடையது" என்ற வாதம் எஞ்சி நிற்கிறது. அதற்கு விடையாக 1982 ஜனவரியில் இதே மலையில் நடந்ததைச் சொல்லவேண்டும்.

ஹியூ ஹெர் என்ற 17 வயது வாலிபனும் அவனுடைய நண்பனும் பக்கத்துப் பள்ளத்தாக்கிலுள்ள பனிச்சுவரில் ஏறினர். இருவரும் தேர்ந்தவர்கள், ஏற்றத்தை வெற்றியுடன் முடித்தனர். அத்தோடு இறங்கியிருக்கலாம். உச்சியையும் தொட்டுவிடுவோம் என்று மேலே நடந்தனர். பனிப்புயல் சூழ்ந்தது; திரும்பியபோது திசை தவறி மலையின் மறுபக்கத்தில் இறங்கிவிட்டனர். மூன்று இரவுகள் கடுங்குளிரில் கிடந்தனர்.

அவர்களைத் தேடி மீட்புப் பணியாளர்கள் மலையேறினர். அவர்களில் ஒருவர் ஆல்பர்ட் டவ், வயது 28. கூலிக்கு வந்தவரல்லர், தொண்டர். காணாமற்போனவர்கள் அவருக்கு உறவினரும் அல்லர். ஜனவரி 25-ஆம் தேதி, தேடிக்கொண்டிருந்த இடத்தில் பனிச்சரிவு ஒன்று அவரை மூடிக் கொன்றது. மறுநாள் வாலிபர்கள் இருவரும் உயிருடன் கண்டெடுக்கப்பட்டனர். ஹெரின் இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே துண்டிக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் அவர் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராகி, காலிழந்தோர் நடப்பதற்கான செயற்கை உறுப்புகளை உருவாக்குவதில் பெயர் பெற்றார்.

அந்த இரு வாலிபரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. அந்த வயதில் நாமும் அப்படியே நடந்திருப்போம். ஆனால் ஓர் உண்மை தெளிவாகிறது. மேலே போவோம் என்று முடிவு செய்த நேரத்தில் அவர்கள் தங்கள் இரண்டு உயிர்களை மட்டுமே எண்ணினர். கணக்கில் வராத மூன்றாவது உயிர் ஒன்று அப்போது கீழே எங்கோ தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தொண்டர் தாமே விரும்பித்தானே வந்தார்?" எனலாம். மெய்தான். ஆனால் ஒருவர் நமக்காக உயிரைக் கொடுக்க ஆயத்தமாயிருக்கிறார் என்பது, அவ்வுயிரை நாம் இஷ்டம்போல் செலவழிக்க அனுமதியாகிவிடுமா? அவருடைய பெருந்தன்மை நம் பொறுப்பைக் கூட்டுகிறதே தவிரக் குறைப்பதில்லை. அழைத்தால் வருவார் என்பதனாலேயே அவர் உயிர் நம் கையிலுள்ள அமானிதமாகிறது. கவனக்குறைவால் ஆபத்தில் சிக்கியவரிடம் மீட்புச் செலவை வசூலிக்க நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டம் இடமளிக்கிறது. செலவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆல்பர்ட் டவின் வீட்டாருக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது?

மலை ஏறுவதே தவறென்று நாம் கூறவில்லை. ஏறுகிறவன், ஒவ்வொரு மணி நேரமும் மாறுகின்ற பனியின் முன்னே நின்று, தன் உயிரோடு மற்றவர் உயிரையும் சேர்த்து எண்ணிப் பார்க்கட்டும் என்றே சொல்கிறோம். உச்சிக்கு அரை மைல் இருக்கையில் திரும்பியவனைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதாது. நண்பர்கள் கேலியும் செய்யக்கூடும். அன்றிரவு தொண்டர் ஒருவர், எவ்வித அழைப்பும் வராமல், தம் குழந்தைகளோடு உட்கார்ந்து உணவருந்துகிறார். யாரால் தமக்கு அந்த இரவு கிடைத்தது என்பது அவருக்குத் தெரியாது. திரும்பி வந்தவனுக்குத் தெரிந்தால் போதும்.