தொண்டும் தொழிலும்

நள்ளிரவு கடந்துவிட்டது. மருத்துவமனையில் உறக்கம் வராத முதியவர் ஒருவர் அழைப்பு மணியை அழுத்துகிறார். அவருக்கு வேண்டுவது மருந்தன்று. அருகில் ஒருவர் வந்து நின்றால் போதும். ஆனால், பல படுக்கைகளைத் தனியே கவனிக்கும் தாதியால் உடனே வர இயலவில்லை. பிழை யாருடையது? தாதியர் பணியின் எதிர்காலம் இவ்வினாவில்தான் அடங்கியுள்ளது.

நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, உடனிருந்து பேணுபவரையும் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக வைத்தார் வள்ளுவர். ஒன்று குறையினும் மருத்துவம் நிறைவு பெறாது. ஆயினும், அந்நான்காம் கூறுக்கு உலகம் தாராளமாக வழங்கியது புகழுரை மட்டுமே.

சிங்கப்பூரில் 1885ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரிகள் பொது மருத்துவமனையில் நோயாளரைப் பேணத் தொடங்கினர். அதன் நினைவாகவே அங்கு ஆகஸ்டு 1ஆம் நாள் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. துறவு பூண்ட அவர்களுக்கு அப்பணி இறைத்தொண்டு. இன்றைய தாதியோ வீட்டு வாடகை செலுத்துபவர், பிள்ளைகளைப் படிக்க வைப்பவர், பெற்றோரைக் காப்பவர். தொண்டு என்னும் சொல்லைக் காட்டி அவருடைய ஓய்வையும் ஊதியத்தையும் குறைப்பது அறமாகுமா? ஆகாது. பிறர் தியாகத்தைப் போற்றுவது எளிது. அத்தியாகத்திற்குத் தேவை நேராமல் காப்பதே கடமை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2023இல் உலகில் 5.8 மில்லியன் தாதியருக்குப் பற்றாக்குறை இருந்தது. பணியில் உள்ள தாதியருள் எழுவரில் ஒருவர் வேற்று நாட்டில் பிறந்தவர். செல்வ நாடு தன் குறையைத் தீர்த்துக்கொள்ளும்போது, வறிய நாட்டின் சிற்றூர் மருத்துவமனையில் ஓரிடம் வெறுமையாகிறது. நல்வாழ்வு தேடிச் செல்வோரைப் பழித்தல் முறையன்று. அவர்கள் நிலைத்து நிற்கத்தக்க சூழலை அமைத்தலே முறை. பொதுத்துறைத் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை வழங்கும் திட்டத்தைச் சிங்கப்பூர் 2024இல் அறிவித்தது இவ்வுண்மையை உணர்ந்ததன் விளைவே.

நாடியை எண்ணவும் மருந்தைச் சுமந்து வரவும் இயந்திரம் உதவலாம். அதனால் மிஞ்சும் நேரம் நோயாளியின் அருகில் செலவாகுமாயின் அது முன்னேற்றம். ஆட்குறைப்புக்குக் காரணமாகுமாயின் அது வெறும் சிக்கனம்.

தாதியாக விரும்பும் மாணவரிடம், “அது புனிதமான பணி” என்று ஆசிரியர் கூறுவது இயல்பு. “அதற்குரிய மதிப்பைக் கேட்பதும் அறமே” என்றும் அவர் கூறுதல் வேண்டும். தொண்டுள்ளம் தாதியிடம் இருந்து வரட்டும். நீதி சமுதாயத்திடம் இருந்து வரட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் நள்ளிரவில் ஒலிக்கும் மணிக்கு விடை கிடைக்கும்.