அம்மாவின் கூடை

அப்பாவுக்கு ஏரி தெரியும். பழவேற்காட்டில் பாடு முறை உண்டு. எந்த முறையில் யார், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பது ஊர் வகுத்த கணக்கு. தன் பாடு வரும் இரவில், முகத்துவாரத்தில் நீர் ஏறி இறங்குவதைப் பார்த்தே இறால் வருமா என்று சொல்லிவிடுவார். கரையில் ஏஜெண்டு கவுண்ட் பார்த்து, அதாவது கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்று எண்ணி, விலை சொல்லும்போது மட்டும் அவருக்கு வாய் எழாது. முன்பணம் வாங்கியவருக்கு எப்படி எழும்?

அம்மா பேசுவார். மடவையும் கெளுத்தியும் சுமந்து பொன்னேரிக்குப் போவார். "இது நேத்து மீனும்மா, குழம்புக்குப் போடு, வறுக்காதே" என்று குறையை முதலில் சொல்வார். மீனைத் தொட்டவுடன் அதன் வயது தெரிந்ததால் வந்த பேச்சு அது.

இதைப் பார்த்து வளர்ந்தும், படகு எஞ்சின் பழுது பார்க்கும் கடை வைத்தபோது எனக்குப் புத்தி வரவில்லை. வேலை சுத்தமாக இருந்தால் போதும் என்று நம்பினேன். ஒருநாள் சூடேறி நின்ற எஞ்சின் ஒன்று வந்தது. தண்ணீர் ஓடும் வழியை உப்பு அடைத்திருந்தது. சுரண்டி எடுத்து, புது இம்பெல்லர் மாட்டி, பில்லை நீட்டினேன். இரண்டே மாதத்தில் அதே அடைப்பு. நான் மட்டமான சாமான் போட்டேன் என்று கரையெங்கும் பேச்சு. என் வேலையில் குறையில்லையே என்று வீட்டில் பொருமினேன்.

"ஏரியிலேர்ந்து வந்ததும் நல்ல தண்ணி விட்டு ஓட்டணும்னு அந்த அண்ணன்கிட்ட சொன்னியாடா?" என்றார் அம்மா.

சொல்லவில்லை. அதுவும் வேலைதான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. எஞ்சினின் பாதி ஆயுள் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

1613இல் இங்கே டச்சுக்காரர் கெல்ட்ரியா கோட்டை எழுப்பிய காலத்தில், துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து பெருவணிகரானவர் அச்சுதப்ப செட்டி. இரண்டு மொழி தெரிந்ததால் உயர்ந்தார் என்பார்கள். துணியைத் தடவி நூலின் தரம் சொல்லத் தெரியாதவரை நெசவாளியோ டச்சுக்காரனோ நம்பியிருப்பானா என்று நான் யோசிப்பதுண்டு. எனக்கு அவர் அம்மாவைப் போன்ற ஆளாகவே தெரிகிறார்.

அம்மா கேட்ட அந்த நாளுக்குப் பிறகு, கழற்றிய பாகத்தைப் படகுக்காரரின் உள்ளங்கையில் வைத்து, உப்பை அவரே நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொல்கிறேன். நடு ஏரியில் நின்றுபோன இரவை அவர் சொல்லும்போது குறுக்கே பேசுவதில்லை. எந்தச் சத்தத்துக்குப் பிறகு நின்றது என்பது அந்தக் கதைக்குள் இருக்கும்.

போன வாரம் அதே அண்ணனின் மகன் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, எஞ்சினை இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தான். "தண்ணி சரியா பீச்சுதா பாருண்ணே" என்றான். கையை நீட்டிப் பார்த்தேன். சூடில்லாமல் விழுந்தது.