கெடிலத்துக்கு இப்பாலும் அப்பாலும்

செம்மண்டலத்திலிருந்து மஞ்சக்குப்பம் வழியாக நடந்தால் கெடிலப் பாலத்தருகே பெரியார் சிலை. 1944இல் இங்கேதான் அவர்மேல் செருப்பு வீசப்பட்டது. வண்டியைத் திருப்பச் சொல்லி அதன் ஜோடியையும் எடுத்துக்கொண்டு போனார் என்பது கடலூரில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. 1972இல் அதே இடத்தில் சிலை வந்தது.

நிமிர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தலைவர் தெரிகிறார். ‘குடிஅரசு’ ஆசிரியர் தெரிவதில்லை. தலையங்கம் எழுதி, பிழை பார்த்து, வாரம் தவறாமல் ஏட்டை அச்சுக்கு அனுப்பிய மனிதரைக் கல்லில் எப்படிக் காட்டுவது? தடியும் தாடியும் செதுக்க எளிது.

*

பாலம் தாண்டினால் திருப்பாப்புலியூர். பாடலீசுவரரைப் பார்க்க வருகிறவர்கள் ஞானியார் மடத்தின் பக்கம் அவ்வளவாகத் திரும்புவதில்லை. இந்த மடத்தின் ஞானியாரடிகள் சைவச் சொற்பொழிவுக்குப் பேர்போனவர். 1925 மே 2ஆம் தேதி ஈரோட்டில் ‘குடிஅரசு’ ஏட்டைத் தொடங்கி வைத்தவரும் அவரே.

மடங்களையும் புராணங்களையும் விடாமல் கேள்வி கேட்கப்போகிற ஏடு. வாழ்த்தியவர் ஒரு மடாதிபதி. இதைச் சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழில் புதிதாக ஓர் ஏடு வருகிறது என்றால் நேரில் போய் நிற்பது கடமை என்று அடிகள் நினைத்திருக்கக்கூடும். பாலத்தருகே இருக்கும் சிலைக்கும் இந்த மடத்துக்கும் நடை தூரம்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல ஒரு பலகையாவது வைக்கலாம்.

*

தெற்கே கேப்பர் மலை. செம்மண், முந்திரி, மத்திய சிறை. நினைத்த நேரத்தில் உள்ளே போய்ப் பார்க்கக்கூடிய இடமல்ல அது. சாலையில் நின்று மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஒரு பத்திரிகையாசிரியரை நினைக்க இதைவிடப் பொருத்தமான இடம் நம் மாவட்டத்தில் இல்லை என்பேன்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்ட பாரதியை ஆங்கிலேய எல்லையில் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். சிறையிலிருந்து ஆளுநர் பென்ட்லண்டுக்குக் கடிதம் எழுதினார். டிசம்பர் நடுவில் வெளியே வந்தார். மூன்று வாரத்துக்குச் சற்று அதிகம். அதற்கு முந்தைய பத்து வருடம், இன்று பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஊரில் கழிந்தது.

அந்தப் பத்து வருடத்துக்குக் காரணம் ஒரு வார ஏடு. 1906இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’. சிவப்புத் தாளில் வந்தது. தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரம் என்பதைப் பழக்கியது அதுதான். 1908இல் போலீஸ் வந்தபோது, சட்டப்படி ஆசிரியர் என்று பதிவாகியிருந்த பெயர் பாரதியுடையது அல்ல, சீனிவாசன் என்பவருடையது. பாரதி புதுச்சேரிக்குப் போனார். சீனிவாசனுக்கு ஐந்து வருடத் தண்டனை விழுந்தது.

இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நின்றுவிடுகிறது. எழுதியவர் ஒருவர், கையெழுத்திட்டு நின்றவர் இன்னொருவர். பாரதி பிடிபட்டிருந்தால் நமக்கு என்னென்ன கிடைக்காமல் போயிருக்கும் என்று எல்லாரும் கணக்குப் போடுகிறோம். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அதில் சீனிவாசனின் ஐந்து வருடமும் செலவாக எழுதப்பட வேண்டும். அவர் பெயரில் ஒரு தெருவையோ படிப்பகத்தையோ நான் பார்த்ததில்லை.

*

எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம் பத்திரிகைக்காரர்கள் முயற்சியில் எழுந்தது. கல்கி தன் ஏட்டின் வழியாக வாசகர்களிடம் நிதி திரட்டினார். 1947 அக்டோபரில் ராஜாஜி திறந்து வைத்தார். ஆசிரியர் ஒருவர் ஆசிரியர் ஒருவருக்குக் கட்டியது. அங்கேயும் கவியரசர்தான் வீற்றிருக்கிறார். புதுச்சேரி ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீட்டிலும் திருவல்லிக்கேணி வீட்டிலும் அப்படியே. குறை சொல்லவில்லை. பாட்டு மனப்பாடமாக நிற்கும், பழைய வாரத்துத் தலையங்கத்தை யார் மனப்பாடம் செய்வார்கள்?

*

பாரதியைக் கடலூர்ச் சிறையிலிருந்து விட்டபோது நிபந்தனைகள் இருந்தன. அரசியலில் ஈடுபடக்கூடாது. எழுதுவதை அச்சிடுமுன் போலீஸ் உயரதிகாரியிடம் காட்ட வேண்டும். சிறையில் வைத்ததைவிட இதுவே கடுமை என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றவர் எழுத்தில் பேனா வைத்த கைக்கு, தன் எழுத்தை இன்னொருவர் பேனாவுக்குக் கொடுக்கும் நிலை. கடையம் போனார். மனைவியின் ஊர். கட்டுப்பாடு நீங்கியபின் 1920 நவம்பரில் சென்னைக்குத் திரும்பி ‘சுதேசமித்திர’னில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். 1904இல் அவர் முதலில் சேர்ந்ததும் அதே பத்திரிகையில், அதே வேலைக்கு.