கைம்மீனுக்கு மேற்கே

பைல் நாடு, மலையூர். சித்திரை அமாவாசை, இரவு ஒன்பதரை.

மிளகு காயவைத்த பாயைச் சுருட்டித் திண்ணையில் சாத்திவிட்டு வீட்டுக்காரர் படுக்கப் போய்விட்டார். சிதறிக் கிடந்த ஒரு மிளகு என் கையில்.

தெற்கே, உச்சிக்குச் சற்றுக் கீழே கைம்மீன். பஞ்சாங்கத்தில் அஸ்தம். கோணல் நாற்கட்டமாய் நான்கு விண்மீன்கள். அதன் மேற்கு ஓரத்து இருளில் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. 1785இல் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியில் ஒரு மங்கலைக் கண்டது அங்கேதான். இரண்டு சுருள் விண்மீன் மண்டலங்கள் மோதிக் கலந்துகொண்டிருக்கின்றன. பூச்சியின் உணர்கொம்பு போல இரண்டு நீண்ட வால்கள். அவற்றின் ஒளி கிளம்பிச் சுமார் 6.5 கோடி ஆண்டுகள் ஆகின்றன.

மோதல் என்ற சொல்லில் மனம் நிற்கவில்லை. சூரியன் இந்த மிளகு என்றால் அடுத்த மிளகு ஏறக்குறைய மதுரையில் கிடக்கும். நடுவே வெறுமை. இப்படிப்பட்ட இரண்டு மண்டலங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தாலும் விண்மீனோடு விண்மீன் முட்டுவது அநேகமாக இல்லை. வாயு மேகங்கள்தான் முட்டி நெரிந்து புது விண்மீன்களைப் பெறுகின்றன.

விண்மீன்கள் தொடாமலே மண்டலங்கள் உருக்குலைகின்றன. கிட்டத்துப் பக்கத்தை ஈர்ப்பு பலமாக இழுக்கிறது, எட்டத்துப் பக்கத்தை மெல்ல. அந்த ஏற்றத்தாழ்வே வாலாக நீள்கிறது. கடலில் ஓதம் ஏறுவதும் அதனால்தான். 1972இல் ஆலார், யூரி டூம்ரே சகோதரர்கள் இதைக் கணினியில் போட்டுக் காட்டினார்கள்.

சரி, ஊடுருவியவை ஏன் அப்படியே கடந்து போய்விடவில்லை? பதிலின் வேர் வானியற்பியலாளர் சந்திரசேகரிடம் இருக்கிறது, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நம் சந்திரசேகர். கனத்த ஒன்று விண்மீன்களுக்கிடையே விரையும்போது அதன் ஈர்ப்பில் விண்மீன்கள் வளைந்து பின்னால் திரள்கின்றன. அந்தத் திரளே அதைப் பின்னுக்கு இழுத்து வேகத்தைக் குறைக்கிறது. 1943இல் எழுதினார். இயக்க உராய்வு என்று பெயர். எதுவும் எதன்மேலும் உரசாத உராய்வு! வெகுநேரம் இதிலேயே இருந்தேன். தான் போன வழியே தன்னைப் பிடித்து நிறுத்துகிறது.

பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்தது. முதலில் மரங்கள் மறைந்தன, பிறகு கைம்மீன்.

உள்ளிருந்து குரல்: “பனி எறங்குதுங்க, உள்ள வாங்க.”

மிளகைப் பாய்ச் சுருளுக்குள் போட்டுவிட்டு எழுந்தேன்.