பன்னிரண்டு கூடைகள்



ஐந்து அப்பங்களால் ஐயாயிரம் பேரின் பசி தீர்த்த ஆண்டவர், மிஞ்சிய துண்டுகளையும் வீணாக்காமல் சேர்க்கப் பணித்தார் (அருளப்பர் 6ஆம் அதிகாரம்). அப்பத்தைப் பெருக்க வல்லவரே துண்டுகளைப் பொருட்படுத்தினார் என்றால், நாம் எம்மாத்திரம்? சேர்ந்தவை 12 கூடைகள். ஆண்டுக்கும் 12 மாதங்கள்.

ஈச்சிலம்பற்றில் வயலை நம்பிய வீடுகளுக்கு இது நன்கு விளங்கும். அங்கே மாதச் சம்பளம் இல்லை. மாசி, பங்குனியில் பெரும்போகம் வெட்டினால், அந்தப் பணமே மாதக்கணக்கில் வீட்டைத் தாங்க வேண்டும். 2004இல் சுனாமி; 2006இல் போரினால் இடப்பெயர்வு; 2022இல் உணவு விலை ஓராண்டுக்குள் ஏறக்குறைய இருமடங்கு. இத்தனையையும் தாங்கிய மண் அது.

ஆகவே வெட்டு முடிந்ததும் குடும்பமாக அமர்ந்து கணக்குப் போடுங்கள். பிள்ளைகளும் அருகில் இருக்கட்டும். விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லும் முதலில் ஒதுங்கட்டும், அடுத்துக் கடன், பின்பு கொப்பி, சப்பாத்து. சாமத்தியவீடும் புதுச்சேலையும் அதற்குப் பிறகே. ஊர் மெச்ச ஒரு நாள் செலவழித்துவிட்டு, ஐப்பசி விதைப்புக்குத் தாலிக்கொடியை அடகு வைப்பது கொண்டாட்டமா? அந்த வட்டியைக் கட்டுவது பிள்ளையின் சோற்றிலிருந்து அல்லவா?

ஆனால் சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. தனக்குக் குறைப்பது சிக்கனம். பிறருக்குக் குறைப்பது கஞ்சத்தனம். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை வேறு பானையில் இடுங்கள். அடுத்த வீட்டு அடுப்பு எரியாத நாளில் அது உதவும். அந்தப் பிடியரிசியும் சேர்ந்தால்தான் நம் ஆண்டுக் கணக்கு ஆண்டவர் முன் நேராகும்.